அடிவயிறு வலித்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். வயது 26, கல்யாணமாகி ஒன்றரை வருடம். இரண்டு நாளாக அடிவயிற்றில் வலது பக்கம் வலி, முதலில் விட்டு விட்டு வந்தது, இன்று காலையிலிருந்து விடவே இல்லை. மாமியார் வாய்வு என்று சொல்லி அயமோதகம் (ஓமம்) கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறார். அம்மா போனில் உடம்புச் சூடு என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குடல்வாலாக இருக்கும் என்கிறார். எதனாலெல்லாம் அடிவயிறு வலிக்கும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவள் கேள்வி. கடைசியில், இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல, இந்த மாதம் பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

மக்களே, அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதை எல்லாம் நீ ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது படித்துக்கொள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, ஒரு பக்கமாக வலி, அந்த வலி கூடிக்கொண்டு வருகிறது, இந்த மூன்றும் ஒரு பெண்ணிடம் சேர்ந்து இருந்தால் அது வேறு என்று நிரூபணம் ஆகும்வரை கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இல்லை என்று தெரிந்துகொள்ள இன்று ராத்திரி வரை காத்திருக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் பார்க்கும் கார்டு கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் அதை வாங்க ஆள் இல்லை என்றால் அதற்காகவும் நிற்காதே. யாரையாவது கூட்டிக்கொண்டு கிளம்பு, தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகாதே. வழியில் மயக்கம் வந்துவிட்டால் என்ன செய்வாய்?

நான் அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன், பாதிக் காலம் சர்ஜரி வார்டு, மீதி பிரசவ வார்டு. டாக்டர் கிடையாது, அதனால் இன்னாருக்கு இன்ன நோய் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்களில் யாரை உடனே படுக்கையில் ஏற்ற வேண்டும், யார் வரிசையில் நிற்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. அதை வைத்து எழுதுகிறேன்.

கருக்குழாய்க் கர்ப்பத்தை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பெண்கள் இதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் வழியிலேயே, பெரும்பாலும் அந்த மெல்லிய குழாயிலேயே ஒட்டிக்கொள்கிறது. நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு இப்படி ஆகும். கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் வலி தொடங்குவது வழக்கம். லேசாக ரத்தம் படலாம், அதைப் பார்த்துவிட்டு, தாமதமாக வந்த தீட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே போகும், வெளியே அதிகம் தெரியாது. தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டுவது, வேர்த்துக் கொட்டுவது, எழுந்தால் தலை சுற்றுவது, இவை வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. தோளில் ஏன் வலிக்கிறது என்றால், உள்ளே தேங்கிய ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையைத் தொட்டு எரிச்சல் கொடுக்கிறது, அந்த இடத்தின் நரம்பு தோளோடு சேர்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாகிவிட்டது, எனக்கு எப்படிக் கர்ப்பம் வரும் என்று கேட்பார்கள். அபூர்வமாக வரும், அப்படி வந்தால் அது குழாயிலேயே தங்கிவிட வாய்ப்பு கூடுதல். காப்பர் டி வைத்திருந்தாலும் அப்படித்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி மருந்திலேயே முடித்துவிட முடிகிற ஆட்களும் உண்டு. வெடித்த பிறகு என்றால் ரத்தம் ஏற்றி ஆபரேஷன்தான்.

சரி, இனி பொதுவாக.

அடிவயிற்று வலியில் மிகப் பெரும்பான்மை ஆபத்தில்லாதது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை, மலச்சிக்கல், மாதவிலக்கு வலி, நீர்க்கடுப்பு, இவைதான் அதிகம். அதனால் வலித்த உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில வலிகளில் மணிக்கணக்கு இருக்கிறது. அந்த மணிக்கணக்கை நாம் ஓமத்திலும் எண்ணெயிலும் செலவழித்துவிடுகிறோம். வாய்வு என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் நேரத்தைப் பார்ப்பதில்லை. என் சர்வீஸில் நான் பார்த்த மோசமான வயிறுகளில் பலவும் முதல் நாள் வாய்வு என்று வீட்டில் படுத்திருந்தவைதான்.

குடல்வால் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. முதலில் தொப்புளைச் சுற்றி, எங்கே என்று விரலை வைத்துக் காட்ட முடியாத மாதிரி ஒரு மந்தமான வலி. சாப்பாடு வேண்டாம் என்று தோன்றும், மீன்குழம்பு வாசம் வந்தாலே குமட்டும். ஒன்றிரண்டு தடவை வாந்தி. அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில், சிலருக்கு ஒரு நாளுக்குள், வலி இறங்கி வலது பக்கம் கீழே வந்து உட்காரும், இப்போது ஒற்றை விரலால் காட்ட முடியும். லேசாகக் காய்ச்சல். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்பக்க முனைக்கும் ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் வரும். 1889-ல் மெக்பர்னி என்ற அமெரிக்க சர்ஜன் எழுதி வைத்தது, இன்றும் டாக்டர்கள் அங்கேதான் முதலில் கை வைக்கிறார்கள். வலி முதலில் வந்து வாந்தி பிறகு வருவது குடல்வாலின் குணம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வந்து வலி கூடவே வந்தால் சாப்பாட்டுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். இது எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், குடல்வால் சிலருக்குப் பின்பக்கம் மடங்கியும் சிலருக்கு இடுப்புக்குழிக்குள் தொங்கியும் இருக்கும், அப்போது முதுகு வலிக்கலாம், அடிக்கடி மூத்திரம் வருகிற மாதிரி இருக்கலாம், பேதிகூட ஆகலாம்.

வண்டியில் வரும்போது ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் வலி குத்துகிறதா என்று கேட்போம். இது விளையாட்டுக் கேள்வி இல்லை. உள்ளே சவ்வு அழன்றிருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் வலிக்கும். நம் ரோட்டில் மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை வழியெல்லாம் நடந்துவிடும். இருமினால் வலிக்கிறதா, வலது காலால் நொண்டிக் குதித்தால் வலிக்கிறதா என்பதும் இதே சங்கதிதான். குடல்வால்காரர் அசையாமல், வலது காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பார். மாறாக, கல்லடைப்புக்காரர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார், உருளுவார், எழுந்து நடப்பார், சுவரில் சாய்வார், மறுபடி படுப்பார். வார்டு வாசலில் நின்று பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும்.

குடல்வால் விஷயத்தில் இரண்டு காரியம் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்று, பேதி மருந்து கொடுப்பது, எனிமா வைப்பது. மலம் போனால் சரியாகிவிடும் என்று விளக்கெண்ணெய் குடிக்க வைத்து, ராத்திரி வெடித்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, குடல் ஏறிவிட்டது, தட்டிவிட வேண்டும் என்று வயிற்றை உழிவது. நம் மாவட்டத்து வர்ம ஆசான்களை நான் குறை சொல்லவில்லை, சுளுக்குக்கும் முட்டு வலிக்கும் அவர்களிடம் போய் நடமாடத் தொடங்கிய ஆட்கள் என் வீட்டிலேயே உண்டு. வயிற்று வலிக்கு மட்டும் அழுத்தி உழிய விடாதீர்கள். நல்ல ஆசான் என்றால் அவரே கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்பார். அப்புறம் ஒன்று, கடும் வலி திடீரென்று அப்படியே குறைந்துவிட்டால் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. குடல்வால் வெடித்த உடனே கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், பிறகு வயிறு முழுக்கப் பலகை மாதிரி ஆகி, காய்ச்சல் ஏறும்.

ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே குடல்வாலைச் சரி செய்யலாமாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வெடிக்காத, சிக்கல் இல்லாத குடல்வாலுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பது இப்போது மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட வழிதான். ஆனால் பின்லாந்தில் செய்த பெரிய ஆய்வு ஒன்றில், அப்படிக் குணமானவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற விஷயம் இல்லை.

மணிக்கணக்கு உள்ள வலிகளில் இன்னொன்று பையன்களுக்கு வருவது, இதைச் சொல்ல நம் வீடுகளில் எல்லாருக்கும் கூச்சம். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் உள்ள பையன் ராத்திரி திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தால், விரையில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவிடம் சொல்ல மாட்டான், அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். விரை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், ஒரு நாள் கழிந்தால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைத்தால் அந்த ஆறு மணி நேரம் தூக்கத்தில் போய்விடும். இதையே பெண்பிள்ளைகளுக்குச் சினைப்பை முறுக்கிக்கொள்வது என்று சொல்வோம். ஏற்கெனவே கட்டி இருந்தால், அதுவும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாய்ப்பு கூடுதல். குனிந்து நிமிர்ந்தபோதோ விளையாடும்போதோ ஒரு பக்கம் சுருக்கென்று பிடித்து, வலியோடு வாந்தியும் வரும். ஓவரியில் கட்டி இருக்கிறது, மூன்று மாதம் கழித்து ஸ்கேன் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்தச் சீட்டை வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். வலி வந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது.

ஹெர்னியாவும் அப்படித்தான். சுமை தூக்குகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், வருடக்கணக்கில் இருமுகிற பெரியவர்கள், இவர்களில் நிறையப் பேர் இடுப்பு மடிப்பில் ஒரு வீக்கத்தை வைத்துக்கொண்டு, படுத்தால் உள்ளே போய்விடுகிறதே என்று நாளைக் கடத்துவார்கள். ஒரு நாள் அது உள்ளே போகாது. தொட்டால் கல் மாதிரி, வலி, வாந்தி, தோல் சிவப்பாக மாறுவது என்று வந்தால் குடல் மாட்டிக்கொண்டு ரத்தம் இல்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், கிளம்புங்கள்.

இனி மூத்திரப் பக்கம் வருகிறேன். நான் மனதார ஆதங்கப்படுகிற விஷயம் இது. எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல இருப்பது, போனால் நாலு சொட்டு, தொப்புளுக்குக் கீழே நடுவில் ஒரு கடுப்பு. இந்த நீர்க்கடுப்போடு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், அண்டி ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து முந்திரி உடைக்கிற பெண்கள், துணிக்கடையில் நின்றுகொண்டே இருக்கிறவர்கள், பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் வீட்டுக்கு வரும்வரை அடக்குகிற பிள்ளைகள். போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அதுதான் முதல் தப்பு. அடக்காதீர்கள், குடியுங்கள், மூத்திரம் வெளிறிய நிறத்தில் போகிற அளவுக்குக் குடியுங்கள். ஒரு நாளில் சரியாகவில்லை என்றால் யூரின் டெஸ்ட் செய்து மருந்து சாப்பிட வேண்டும், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டால் மருந்து வேலை செய்யாதபோது எதை மாற்றுவது என்று தெரியும். கர்ப்பிணிக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, குழந்தைக்கு, ஆணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் பார்லித் தண்ணீரோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, அது அன்றைக்கே பார்க்க வேண்டியது.

கல்லடைப்பு வலி விலாவின் பின்னாலிருந்து கிளம்பி இடுப்பைச் சுற்றி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும், அலை அலையாக வரும், மூத்திரம் செம்மண் தண்ணீர் நிறத்தில் போகலாம். வெயிலில் நின்று வேர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற தொழில்காரர்களுக்கு அதிகம் வருகிறது. செங்கல் சூளையில் நிற்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. ஐந்து மில்லிமீட்டருக்குள் உள்ள கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்றால் குடியுங்கள், அதில் இருக்கும் தண்ணீராவது உள்ளே போகட்டும், ஆனால் பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், வலி நின்றுபோன பிறகும் அடைப்பு அப்படியே இருந்து சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போனது உண்டு. கல்லடைப்போடு காய்ச்சல் சேர்ந்தால் அது அவசரம். அடைபட்ட இடத்தில் சீழ் பிடிக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். வயதான ஆண்களுக்கு மூத்திரம் அடியோடு நின்று அடிவயிறு உருண்டையாக வீங்கினால் புராஸ்டேட் அடைப்பாக இருக்கலாம், ஒரு டியூப் போட்டால் இரண்டு நிமிடத்தில் ஆள் முகம் மாறிவிடும். அதற்காக ராத்திரி முழுவதும் தவிக்க வேண்டியதில்லை.

மாதவிலக்கு வலியைப் பற்றிச் சொன்னால் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்பார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் வலித்து, ஒரு மாத்திரையிலோ வெந்நீர் ஒத்தடத்திலோ அடங்கினால் சரி. ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டிய அளவுக்கு வலி, வருடத்துக்கு வருடம் கூடுகிறது, மலம் போகும்போதும் தாம்பத்தியத்தின்போதும் வலிக்கிறது என்றால் அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது அது, இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓட்டிவிடுவார்கள், கடைசியில் பிள்ளை இல்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் இது வெளியே வரும். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில், பதினான்காம் நாள் வாக்கில், ஒரு பக்கம் சில மணி நேரம் வலித்துப் போவது கருமுட்டை வெளியேறும் வலி, அதற்குப் பயம் வேண்டாம். வாடையோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிறு முழுக்க வலி என்று மூன்றும் வந்தால் இடுப்புக்குழித் தொற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்தினால் கருக்குழாய் அடைபட்டுப் போகலாம்.

குடல் சமாசாரம் அதிகம் நீட்ட வேண்டாம். மலச்சிக்கல் இடது பக்கம் கீழே பிடிக்கும், போனால் விடும். கவலை கூடும்போது வலி, மலம் போனால் குறைவது, சில நாள் இளகல் சில நாள் இறுகல் என்று மாதக்கணக்கில் ஓடினால் எரிச்சல் குடல் என்பார்கள், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆளைச் சோர்த்துவிடும். நம் நாட்டில் மறக்கக் கூடாதது குடல் காசநோய். வலது அடிவயிற்றில் பல வாரமாக வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, பசி இல்லை. நெஞ்சில்தான் டிபி வரும் என்று நினைக்கிறோம், வயிற்றிலும் வரும், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுவதுமாகக் குணமாகும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப்பழக்கம் மாறினால், மலத்தில் ரத்தம் கலந்தால், மூலம் என்று தானே முடிவு கட்டாமல் கொலோனோஸ்கோப்பி பார்க்க வேண்டும். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பு. இதையும் வாய்வு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுப்பார்கள். காற்று போகவே இல்லை என்பதுதான் அங்கே அபாய மணி.

வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் தனி ரகம். உள்ளே நடப்பது பெரியதாக இருக்கும், வலி குறைவாகச் சொல்வார்கள். எழுபத்தைந்து வயது அம்மச்சி "லேசா நோவுது மக்களே" என்று சொல்லிக் கஞ்சி வேண்டாம் என்று திரும்பிப் படுத்தால் அதை லேசாக எடுக்காதீர்கள். வெடித்த குடல்வாலோடு காய்ச்சலே இல்லாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மலையோரத்துக்காரர்களுக்கு ஒன்று, இது பல பேருக்குத் தெரியாது. பேச்சிப்பாறை, குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர் விடியற்காலையில் காரணமே இல்லாமல் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்தால், கண் இமை சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பாருங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது, வயிற்று வலிதான் முதல் அறிகுறியாக வரலாம். மூச்சுத் தசை தளர்வதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் உண்டு. பாம்பைத் தேடிக்கொண்டு நேரம் போக்காதீர்கள்.

கடற்கரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பிள்ளைகள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். போகிற நாளில் அடிவயிற்றில் புதிதாக வலி இருந்தால் ஏறாதீர்கள், ஒரு நாள் தாமதம் ஒன்றும் பெரிதில்லை. ஹெர்னியா இருக்கிறது என்று தெரிந்தவர் கரையில் இருக்கும்போதே ஆபரேஷனை முடித்துவிட்டுப் போங்கள். கடலில் வைத்து வலி வந்து, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால், கரை பார்த்துப் படகைத் திருப்புவதோடு வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் சொல்லுங்கள், கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

அப்படியானால் எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டால், நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பதைச் சொல்கிறேன். வலி ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், நடந்தால் இருமினால் குத்தினால், ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்து கூடிக்கொண்டே போனால், காய்ச்சலோ நிற்காத வாந்தியோ சேர்ந்தால், வயிறு தொட முடியாமல் இறுகினால், மூத்திரமோ காற்றோ அடைபட்டால், ரத்தம் எந்த வழியில் போனாலும், மயக்கம் வந்தால், கர்ப்பமாக இருந்தாலோ இருக்க வாய்ப்பு இருந்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். விரை வலிக்கும் மயக்கத்துக்கும் கருக்குழாய்ச் சந்தேகத்துக்கும் அந்த ஆறு மணி நேரக் காத்திருப்பும் கிடையாது, 108-ஐக் கூப்பிடுங்கள். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-ல் கேட்டால் ஆலோசனை சொல்வார்கள். லேசான வலி, வருவதும் போவதுமாக, சாப்பிட முடிகிறது, காய்ச்சல் இல்லை என்றால் ஒரு நாள் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் எந்த வலியையும் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வயிற்று வலிக்கு என்று செட் மாத்திரை கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நினைவிருக்காது. வலி தாங்க முடியாவிட்டால் ஒரு பாராசிட்டமால் போடுவதில் தப்பில்லை, என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே போனது, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி, முன்பு என்ன ஆபரேஷன், சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது. அம்மாவோ மாமியாரோ கூட நின்றால் கல்யாணம் ஆகாத பிள்ளையும் சரி, ஆன பிள்ளையும் சரி, சில கேள்விகளுக்கு உண்மை சொல்ல மாட்டார்கள். நாங்கள் கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

ஸ்கேன் நார்மல் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அட்மிட் ஆகுங்கள் என்றால் பலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, பில்லுக்காகச் சொல்கிறார்கள் என்று. சாதாரண ஸ்கேனில் குடல்வால் பல நேரம் கண்ணுக்கு அகப்படாது, வாயு மறைத்துவிடும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் கை வைத்துப் பார்ப்பது ஸ்கேனைவிடச் சில சமயம் நன்றாகப் பேசும். அதற்காகத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் எது நடந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மக்களே, உனக்குக் கருங்கலிலிருந்து தக்கலையும் குழித்துறையும் பக்கம், ராத்திரி ஸ்கேனும் ஆபரேஷனும் வேண்டும் என்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்புவார்கள், 108 வந்தால் அவர்களே எது சரி என்று பார்த்துக் கொண்டுபோவார்கள். ஓபி சீட்டு வரிசையில் நிற்காதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ. அங்கே வயிற்று வலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. "நாள் பன்னிரண்டு தள்ளிப் போயிருக்கு, வலது பக்கம் வலி, காலையிலிருந்து விடல" என்று இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல். மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லி அவரையே கூட்டிக்கொண்டு போ, அயமோதகம் போட்டுக் கொடுத்தவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் வருவார். ஸ்கேன் பார்த்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, நான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.